நிறையும் நிலையும்
பழைய காற்றுத் துவக்கைப் போட்டிக்கேற்பச் சமன்செய்தல்

தோற்றுவாய்

கனமான பொருள் எளிதில் அசையாது; ஆதலின் குறி தவறாதிருக்க வேண்டுமாயின் துவக்கைக் கனமாக்குதலே வழி என்பது பலரிடத்தும் வேரூன்றிய எண்ணம். இவ்வெண்ணத்திற் பாதி உண்மை. மற்றைப் பாதி மயக்கம். அம்மயக்கத்தின் விலையைக் கொடுப்பது துவக்கன்று. அதனைத் தாங்கி நிற்கும் இளம் முதுகேயாம். நிறையைக் கூட்டுதல் வேறு. நிறையை இடமறிந்து வைத்தல் வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு பழைய கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்து மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டி, சுடுதல் விளையாட்டுக்களுள் இளையோர்க்கு மிகவும் ஏற்றது. வெடிமருந்து இல்லை, பெரிய மைதானம் வேண்டியதில்லை, நீண்டதொரு மண்டபம் போதும். 1966ஆம் ஆண்டு ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் நிகழ்ந்த உலகச் சுடுதற் போட்டியில் இது இடம்பெற்றது. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக் விழாவில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. கடலூரிற் பிறந்த தமிழ்மகள் இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இப்பிரிவிலே தங்கப் பதக்கம் பெற்றார். 2021ஆம் ஆண்டு நடந்தேறிய ரோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் சார்பில் தெஹானி எகொடவெல இதே பிரிவிற் கலந்துகொண்டார். ஆகவே இஃது எங்கோ தொலைவில் உள்ளோர்க்கே உரிய விளையாட்டு என்று நாம் கருதவேண்டியதில்லை.

ஆயினும் புதிய போட்டித் துவக்கின் விலை பெரிது. அதனால் ஆர்வமுள்ள பலர் முப்பது நாற்பது ஆண்டு பழைய கருவியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதனால் இனி என்ன பயன்?" என்று சோர்வடைகின்றனர். சோர்வுக்குக் காரணம் இல்லை. நல்ல குழல், துருவேறாது காக்கப்பட்டிருப்பின், ஆண்டுகளால் மட்டும் தன் நேர்மையை இழப்பதில்லை. கெடுவன அடைப்பு வளையங்களும் வில்லும். பொருந்தாது போவது மரக்கட்டைக்கும் சுடுபவர் உடலுக்கும் உள்ள இசைவு. முன்னையவற்றை மாற்றலாம், பின்னையதைத் திருத்தலாம்.

1. குறியின் அளவு

செய்யவேண்டிய வேலையின் நுண்மையை முதலில் அறிவோம். பத்து மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் 0.5 மில்லிமீற்றர். சன்னத்தின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். பொட்டைச் சன்னம் தொட்டாற் போதும் என்பது விதி. எனவே சன்னத்தின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீற்றருக்கு மேல் விலகலாகாது.

இவ்விலகல் பத்து மீற்றருக்கு அப்பால் நிகழ்வது. சுடுபவர் பக்கத்தில் இதன் அளவு யாது? தோளிலிருந்து 80 சென்ரிமீற்றர் முன்னே உள்ள குழலின் ஒரு புள்ளியை எண்ணுவோம். துவக்குத் தோளைச் சுழல் மையமாகக் கொண்டு திரும்பி, அப்புள்ளி 0.2 மில்லிமீற்றர் மட்டும் அசைந்தால், இலக்கிலே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் விலகிவிடும். இரண்டு மூன்று தாள்களின் தடிப்பே பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையிலுள்ள எல்லை. இந்த நுண்மையை அறுபது முறை, நின்றநிலையில், தோள்வார் முதலிய துணையின்றிப் பேணவேண்டும். ஒரு முறை நன்றாகச் சுடுதல் கைத்திறன். அறுபது முறையும் ஒன்றுபோலச் சுடுதலுக்குக் கருவியும் உடலும் ஒன்றையொன்று வருத்தாதிருத்தல் வேண்டும்.

2. கருவியின் இயல்பு

எடுத்துக்காட்டாக நாம் கொள்ளும் கருவி பைன்வேர்க்பௌ 300எஸ் என்பது. ஜேர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஒபேண்டோர்ப் என்னும் சிற்றூர், மௌசர் துப்பாக்கித் தொழிற்சாலையாற் புகழ்பெற்றது. அங்குப் பணியாற்றிய வெஸ்ரிங்கர், அல்ரன்பேர்கர் என்னும் பொறியியலாளர் இருவர் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்த் தோற்றுவித்த நிறுவனமே பைன்வேர்க்பௌ. நுண்ணிய வேலைப்பாடு செய்தல் என்பது அப்பெயரின் பொருள். 1960களில் 150 என்னும் மாதிரியும், அதனையடுத்து 300 என்னும் மாதிரியும் வெளிவந்தன. 1970களிலே 300எஸ் போட்டிக்களங்களில் பெருவழக்குப் பெற்றது. 1980களில் வில்லில்லாது அமுக்கிய காற்றால் இயங்கும் துவக்குக்கள் மேலோங்கவே இது பின்னடைந்தது. எனினும் இன்றும் உலகின் பல பாகங்களிலும் இது பயன்பாட்டில் உள்ளது.

இதன் இயக்கத்தை அறியாது இதிலே கைவைத்தல் தகாது. பக்கத்திலுள்ள நெம்பை இழுக்கும்போது வலிய வில் சுருங்கிப் பூட்டப்படுகிறது. றிகர் என வழங்கும் சுடுவிசையை அழுத்தியதும் வில் விரிந்து, பிஸ்ரன் எனப்படும் முசலத்தை முன்னே தள்ளும். முசலம் உருளையிலுள்ள காற்றை நெருக்க, அந்நெருக்கம் அரைக் கிராம் அளவான சன்னத்தைக் குழல் வழியே செலுத்தும். முசலமோ சன்னத்திலும் பல நூறு மடங்கு கனமானது. ஆதலால், அது முன்னே பாயும்போது துவக்குப் பின்னே தள்ளப்படும். காற்று மெத்தையில் மோதி அது நிற்கும்போது துவக்கு முன்னே இழுக்கப்படும். இவையெல்லாம் சன்னம் குழலை விட்டு நீங்கும் முன்னரே தொடங்கிவிடுவதுதான் வில் துவக்குக்களின் பெருங்குறை.

ஒபேண்டோர்ப்பினர் இதற்குக் கண்ட தீர்வு எளியது, அழகியது. குழல், உருளை, குறிகாட்டிகள் ஆகிய உலோகப் பகுதி முழுவதையும் மரக்கட்டையின் மேல் தண்டவாளம் போன்ற சிறு வழிகளில் அமைத்தனர். சுட்ட கணத்தில் உலோகப் பகுதி பின்னோக்கிச் சற்றே வழுக்கிச் செல்லும். மரக்கட்டை அசையாது தோளிற் கிடக்கும். உதைப்பு உடலை வந்தடைவதில்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. இத்துவக்கிலே நிறை சேர்க்கத்தக்க இடங்கள் இருவகைப்படும். குழலிற் சேர்க்கும் நிறை வழுக்கும் பகுதியைச் சேர்ந்துவிடும். அதனால் அப்பகுதி பின்செல்லும் வேகமும் தூரமும் மாறும். மரக்கட்டையிற் சேர்க்கும் நிறை நிலையான பகுதியைச் சேரும். வழுக்கலை அது தீண்டாது. ஆகவே கட்டையில் வைக்கக்கூடியதைக் கட்டையிலேயே வைக்கவேண்டும். குழலில் வைப்பதாயின் சிறிதளவே வைத்து, சன்னம் விழும் இடத்தை மீளச் சரிபார்த்துக் குறிகாட்டியைத் திருத்தவேண்டும். எவ்வாறாயினும் சேர்த்த பொருள் கட்டைக்கும் குழலுக்கும் இடையே முட்டி, வழுக்கும் பாதையை மறிக்கலாகாது. கன்னத்தாங்கியும் அவ்வாறே.

3. சமன்செய்யுமுன் செய்யவேண்டியவை

நோயிருக்க அணி பூட்டுதல் அறிவுடைமையன்று. முதலில் அடைப்பு வளையங்களை நோக்குக. காலஞ்செல்லச் செயற்கைப் பொருளால் ஆனவை இறுகி வெடித்துப் பொடியாகும். காற்று கசிந்தால் சன்னத்தின் வேகம் சூட்டுக்குச் சூடு வேறுபடும். வேகம் செக்கனுக்கு 170 மீற்றராயின், பத்து மீற்றரைக் கடக்கையில் சன்னம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் கீழிறங்கும். வேகம் 160 ஆகக் குறைந்தால் இறக்கம் 19 மில்லிமீற்றரைத் தாண்டும். வேறுபாடு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல். பத்துப் புள்ளிக்கு நமக்குக் கிடைத்த இடம் 2.5 மில்லிமீற்றரே என்பதை நினைவுகூர்க. கசியும் துவக்கை எத்துணை நுட்பமாகச் சமன்செய்தாலும் பயனில்லை. வில்லைக் கழற்றுதல் ஆபத்தான வேலை. அதற்குரிய கருவியும் பழக்கமும் உள்ளவரிடமே ஒப்படைக்கவேண்டும்.

அடுத்தது உடலோடு பொருத்துதல். கட்டை வளர்ந்தோர் உடலுக்கென அளவிட்டுச் செய்யப்பட்டது. பதினைந்து வயதினர்க்கு அது நீளம். நீளம் மிகின் தலை பின்சாயும், தோள் முன்வளையும், கண் பின்குறியின் துளைக்கு நேரே நில்லாது. சோங்கின் நுனியிலுள்ள தோள்தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே தடுப்புத் துண்டுகள் இருப்பின் அவற்றை நீக்கி நீளத்தைக் குறைக்கலாம். கன்னத்தாங்கியின் உயரத்தைக் கழுத்து வளையாத வகையில் அமைக்கவேண்டும். கண்ணை மூடித் துவக்கைத் தோளிலேற்றி, கன்னத்தைப் படியவைத்து, பின் கண்ணைத் திறந்தால், பின்குறியின் துளையில் முன்குறி நடுவே நிற்கவேண்டும். பொருத்தம் முடிந்தபின்னரே நிறையைப் பற்றி எண்ணுதல் முறை. பொருத்தம் மாறின் சமநிலையும் மாறும்.

4. துலா உரைக்கும் பாடம்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நின்ற துலாவை நம்முள் மூத்தோர் நன்கறிவர். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அஃது அருகிவிட்டது. எனினும் அதன் பாடம் பழையதாகவில்லை. துலாவின் முன்னுனியில் நீர்ப்பாத்திரம் தொங்கும். பின்னுனி ஆடுகாலுக்கு அணித்தாயின் அங்கே பெருங்கல் கட்டவேண்டும். தொலைவாயின் சிறுகல் போதும். கல்லின் நிறையையும் ஆடுகாலிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிவருவது எதுவோ அதுவே துலாவைத் தாழ்த்தும். இப்பெருக்கத்தைப் பௌதிகவியலார் திருப்பம் என்பர்.

துவக்கிலும் இதுவே நிகழ்கிறது. நின்று சுடுபவர் (வலக்கையர் என்று கொள்வோம்) இட முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, இடக்கையால் கட்டையின் அடியைத் தாங்குவார். இடக்கையே இங்கு ஆடுகால். துவக்கின் புவியீர்ப்பு மையம் இக்கைக்கு நேராகவோ சிறிதே முன்னாகவோ இருப்பின், நிறை முழுவதும் முன்கையின் எலும்பு வழியே இடுப்பில் இறங்கும், தசைநார் உழைக்கவேண்டியதில்லை. மையம் மிக முன்னே சென்றால் குழல் தாழும். அதனை நிறுத்தத் தோளும் முதுகும் ஓயாது இழுக்கும். மையம் பின்னே சென்றால் குழல் மிதப்பதுபோல் நிலையற்று அலையும்.

மையத்தைக் காணும் வழி எளிது. சன்னமில்லை என்பதை உறுதிசெய்து, நெம்பை மூடி, போட்டியில் இருக்கும் எல்லா உறுப்புக்களையும் பூட்டியபின், ஒரு கயிற்று வளையத்தில் துவக்கைத் தொங்கவிடுக. அது கிடையாக நிற்கும் இடத்தைக் குறித்து, தோள்தகட்டிலிருந்து அதன் தூரத்தை அளக்கவேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். துவக்கின் திணிவு 4.6 கிலோகிராம், மையம் 44 சென்ரிமீற்றரில் உள்ளது, இடக்கை தாங்கும் இடம் 45 சென்ரிமீற்றர், மையம் 46இல் நிற்கவேண்டும் எனக் கொள்வோம். மையம் 2 சென்ரிமீற்றர் முன்னகரவேண்டும். வேண்டிய திருப்பம் 4.6 × 2 = 9.2 அலகு. சேர்க்கும் நிறையையும் புதிய மையத்திலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கினால் 9.2 வரவேண்டும், அவ்வளவே. மூன்று வழிகள் காண்க.

(அ) புதிய மையத்துக்கு 20 சென்ரிமீற்றர் முன்னே, கட்டையின் முன்பகுதியில், 460 கிராம். மொத்தம் 5.06 கிலோகிராம்.

(ஆ) 40 சென்ரிமீற்றர் முன்னே, குழலின்மேல், 230 கிராம். மொத்தம் 4.83 கிலோகிராம்.

(இ) 60 சென்ரிமீற்றர் முன்னே, குழல் முனையில், ஏறத்தாழ 153 கிராம். மொத்தம் 4.75 கிலோகிராம்.

மூன்றும் ஒரே சமநிலையைத் தருவன. ஆனால் முதல்வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையே 307 கிராம் வேறுபாடு. சிறிதெனத் தோன்றலாம். அறுபது முறை உயர்த்தித் தாழ்த்தும்போது அது 18 கிலோகிராமுக்கு மேலாகக் கூடுகிறது. நின்று சுடும் நிலையில் உடல் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் வளைந்து நிற்பதால், துவக்கின் நிறையை முதுகின் அடிப்பகுதி நேரில்லாத நிலையிற் சுமக்கிறது. வளரும் பிள்ளைக்கு இச்சுமை வாளா விடத்தக்கதன்று.

5. கழைக்கூத்தாடியின் கோல்

அங்ஙனமாயின் எப்போதும் குழல்முனையிலேயே நிறையை வைத்துவிடலாமே என ஒருவர் வினவலாம். அதற்கு விடை கழைக்கூத்தாடியின் கையில் இருக்கிறது. கயிற்றின்மேல் நடப்பவன் ஏந்துவது நீண்ட கோல், குறுந்தடியன்று. நிறை நடுவிலிருந்து விலகி இரு நுனிகளிலும் பரந்திருக்கும்போது பொருள் திரும்புதற்கு மிகவும் தயங்கும். இத்தயக்கத்தின் அளவைச் சடத்துவத் திருப்பம் என்பர். இதிலே தூரம் ஒருமுறையன்று, இருமுறை பெருக்கப்படுகிறது.

மேற்சொன்ன மூன்று வழிகளுக்கும் இதனைக் கணித்தால், சேர்த்த நிறையால் வந்த சடத்துவத் திருப்பம் முறையே 184, 368, 552 ஆகும். நிறை மூன்றிலொன்றாகக் குறைய, தயக்கமோ மும்மடங்காகிறது. சிறிய நடுக்கங்களைக் குழல் விழுங்கிவிடும், இது நன்மை. ஆனால் ஒருமுறை நகரத் தொடங்கிய குழலை நிறுத்துதலும் அவ்வளவுக்கு அரிதாகும். இலக்கை விட்டு மெல்ல விலகி மெல்லத் திரும்பிவரும். அமைதியாக, நேரமெடுத்துச் சுடுபவர்க்கு இது பொருந்தும். விரைந்து குறிகொண்டு விடுபவர்க்கு இது தளையாகும். அன்றியும் இந்நிறை வழுக்கும் பகுதியிற் சேர்வதால் முன்னர்க் கூறிய தடையும் உண்டு. ஆதலின் ஒருவர்க்கு ஏற்றது மற்றவர்க்கும் ஏற்கும் என்று கொள்ளற்க.

மையத்தை நகர்த்தாமலே தயக்கத்தை மட்டும் கூட்ட வேண்டுமாயின், முன்னும் பின்னும் ஒத்த திருப்பத்தைச் சேர்க்கலாம். மையத்துக்கு 60 சென்ரிமீற்றர் முன்னே 100 கிராம். 40 சென்ரிமீற்றர் பின்னே 150 கிராம். இரண்டின் திருப்பமும் 6, மையம் அசையாது.

இனி, பலரும் எண்ணாத வழியொன்று உண்டு. நிறையைக் கூட்டாமலே மையத்தை நகர்த்தலாம். பின்புறத்திலிருந்து எடுப்பதும் முன்புறத்திற் கூட்டுவதும் ஒன்றே. கனத்த உருக்குத் தோள்தகட்டுக்குப் பதிலாக இலேசான அலுமினியத் தகட்டைப் பூட்டினால், அல்லது சோங்கின் உள்ளே பழைய உரிமையாளர் எவரேனும் வைத்த ஈயத்தை எடுத்தால், அதன் பயனை மேற்கண்ட கணக்காலேயே அறியலாம். புதிய மையத்துக்கு 40 சென்ரிமீற்றர் பின்னேயிருந்து 230 கிராமை நீக்கினால் மையம் 46க்கு வந்துவிடும், துவக்கும் 4.37 கிலோகிராமாகக் குறையும். நீக்கியது 115 கிராம் மட்டுமாயின், அதே 115 கிராமை 40 சென்ரிமீற்றர் முன்னே வைத்தாற் போதும். துவக்கு 4.6 கிலோகிராமாகவே இருக்கும். தயக்கமும் ஏறத்தாழ மாறாது. மையம் மட்டும் வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். உடல் சிறிய மாணவர்க்கு நாம் முதலிற் பரிந்துரைப்பது இவ்வழியையே.

6. சாய்வு

முன்பின் சமநிலையோடு பக்கச் சமநிலையும் உண்டு. துவக்கு இடமாகவோ வலமாகவோ சாய்ந்தால் குறிகாட்டி நேரே காட்டினும் சன்னம் நேரே செல்லாது. சன்னத்தின் இறக்கம் 17 மில்லிமீற்றரென மேலே கண்டோம். அவ்விறக்கத்தை ஈடுசெய்யக் குழல் சற்றே மேல்நோக்கி அமைக்கப்பட்டுள்ளது. துவக்கு 5 பாகை சாய்ந்தால் அந்த ஈட்டின் ஒரு பங்கு பக்கவாட்டிற் சென்று, சன்னத்தை ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் விலக்கிவிடும்.

ஆகவே சேர்க்கும் நிறை குழலின் நடுக்கோட்டுக்கு நேர்கீழே இருத்தல் நலம். ஒரு பக்கத்தில் மட்டும் வைத்த நிறை துவக்கை ஓயாது உருட்ட முயலும். மணிக்கட்டு அதனை ஓயாது எதிர்க்கும். பக்க நெம்பு இயல்பாகவே ஒருபுறம் கனக்கச் செய்வதால், கயிற்றில் தொங்கவிட்டுப் பார்க்கும்போது துவக்கு எப்பக்கம் உருளுகின்றது என்பதையும் கவனித்துக் கொள்ளவேண்டும்.

7. செய்முறை ஒழுங்கு

முதலாவது: தொடங்குமுன் துவக்கின் திணிவு, மையத்தின் இடம், தோள்தகடு, கன்னத்தாங்கி ஆகியவற்றின் நிலை யாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. திரும்பிவரும் வழி தெரியாது புறப்படலாகாது.

இரண்டாவது: நிறைகளை முதலில் ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றித் தற்காலிகமாகவே பொருத்துக. பித்தளையும் உருக்கும் நல்லவை. ஈயம் சிற்றிடத்திற் கனம் தருவது. 230 கிராம் ஈயம் 20 கன சென்ரிமீற்றர் அளவே. ஆனால் ஈயம் நச்சுத்தன்மை உடையது; உறையிட்டுப் பயன்படுத்தி, தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். ஈயச் சன்னங்களைத் தொட்ட கைக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது: ஒரு வேளையில் ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் நன்மை எதனால் வந்தது என்பது விளங்காது.

நான்காவது: ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஐந்து சன்னங்கள் கொண்ட கூட்டங்கள் பலவற்றைச் சுட்டு, அவை விழுந்த பரப்பை அளக்குக. முதற் கூட்டத்தைக் கொண்டு முடிவு செய்யற்க. புதுமையின் உற்சாகம் முதற் கூட்டத்தைச் சிறப்பிக்கும். களைத்தபின் சுடும் இறுதிக் கூட்டமே உண்மை உரைக்கும். நிலைமேசையில் ஊன்றிச் சுடும்போது கூட்டம் சிறிதாகவும், நின்று சுடும்போது பெரிதாகவும் இருப்பின் குறை குழலிலன்று, பொருத்தத்தில் அல்லது பயிற்சியில் உள்ளது எனத் தெளிக.

ஐந்தாவது: இரண்டு மூன்று வாரம் பழகித் தெளிந்தபின் நிறையைத் திருகாணியால் நிலையாகப் பூட்டுக. மரத்தைச் செதுக்குதலும் துளைத்தலும் வேண்டா. இத்துவக்குக்கள் இனிச் செய்யப்படாதவை. செதுக்கிய மரம் மீளாது. இன்று ஒரு மாணவிக்குப் பொருந்தியது நாளை மற்றொரு மாணவனுக்கு மாற்றப்படவேண்டியிருக்கும்.

ஆறாவது: விதியைக் காண்க. பன்னாட்டுச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி, குறிகாட்டிகள் உட்படக் காற்றுத் துவக்கின் நிறை 5.5 கிலோகிராமை விஞ்சலாகாது. இயங்குபகுதியின் பின்முனையிலிருந்து குழல்முனை வரையுள்ள நீளம் 850 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. முனையிலே நிறை பூட்டும்போது இந்நீளத்தை மறவாதிருத்தல் வேண்டும். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால் போட்டிக்குமுன் அவ்வாண்டுப் பதிப்பை நோக்குதல் கடன். 5.5 என்பது எல்லை; இலக்கன்று. எல்லைவரை நிறைத்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை.

8. எச்சரிக்கை

காற்றுத் துவக்கு விளையாட்டுக்கு உரியது. ஆயினும் விளையாட்டுப் பொருளன்று. கண்ணைக் கெடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நாட்டின் சட்டம் வேண்டும் அனுமதியோடும், பயிற்றப்பட்ட ஒருவரின் மேற்பார்வையிலுமே இதனைக் கையாளவேண்டும். சன்னம் இடும்போது நெம்பை ஒரு கையாற் பற்றிக்கொண்டே இடவேண்டும். பூட்டு நழுவின் விரல் நசுங்கும். சன்னமின்றிச் சுடுதல் கூடாது. எதிர்க்கும் காற்று மெத்தை குறைந்து முசலம் உருளையின் முகப்பில் மோதும். சாதாரண எண்ணெயை உருளையுள் விடுதல் ஆகாது. அமுக்கத்தின் வெம்மையால் அது தீப்பற்றி வெடித்து அடைப்பையும் வில்லையும் கெடுக்கும். சுடுவிசையை மென்மையாக்கும் ஆசையால் அதன் பிடிப்பை அளவுக்கு மீறித் தளர்த்துதல் யாவற்றினும் கொடியது.

பயிற்சி

மாணவர் தாமே செய்து பார்த்தற்கு ஒரு வினா: ஒரு துவக்கின் திணிவு 4.5 கிலோகிராம். அதன் மையம் 48 சென்ரிமீற்றரில் உள்ளது, 47க்கு வரவேண்டும். புதிய மையத்துக்கு 40 சென்ரிமீற்றர் பின்னே, சோங்கில், எவ்வளவு நிறை சேர்க்கவேண்டும்? நிறை சேர்க்காமல், 50 சென்ரிமீற்றர் முன்னேயுள்ள குழல்நிறையைக் குறைப்பதாயின் எவ்வளவு குறைக்கவேண்டும்?

விடை: வேண்டிய திருப்பம் 4.5. முதலாவதற்கு 112.5 கிராம் சேர்க்கவேண்டும். இரண்டாவதற்கு 90 கிராம் குறைக்கவேண்டும். இவற்றுள் எவ்வழி நன்று என்பதை, துவக்கைத் தாங்குபவர் யாவர் என்று கேட்டபின்னரே உரைத்தல் வேண்டும்.

முடிவுரை

தமிழாசிரியர் பௌதிகவியலார்க்குரிய பொருளில் ஏன் தலையிடவேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். சீர்தூக்குதல் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வகுப்பில் ஆளுகின்றோம். நிறுத்துப் பார்த்தல் என்பதே அதன் அடிப்பொருள். கருத்தை நிறுப்பதற்கும் கருவியை நிறுப்பதற்கும் முறை ஒன்றே: உள்ளதை அளத்தல், ஒன்றை மாற்றுதல், மீண்டும் அளத்தல்.

பழைய துவக்கொன்று புதியதோடு எல்லாவற்றிலும் ஒப்பாகிவிடும் என்று நாம் கூறவில்லை. சன்னம் குழலை விட்டு நீங்க அது சிறிது கூடுதலான நேரம் எடுக்கும். சுட்டபின்னும் நிலை குலையாது நிற்கும் பொறுமையை அது கேட்கும். அப்பொறுமையைக் கற்பித்தலும் அதன் பயன்களுள் ஒன்றாம். ஆனால் தொடக்கநிலை மாணவர் இழக்கும் புள்ளிகளுட் பெரும்பாலானவை கருவியின் பழமையால் இழக்கப்படுவன அல்ல. உடலுக்கு ஒவ்வாத நிறையாலும் இடந்தவறிய நிறையாலும் இழக்கப்படுவன. அவற்றை மீட்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கயிறு, ஓர் அளவுகோல், ஒரு தராசு, ஒரு குறிப்பேடு ஆகியன போதும்.

இளையோர்க்குப் பழைய கருவியைக் கையளிக்க விரும்பும் பழைய மாணவர்க்கு நாம் வேண்டுவதும் இதுவே. கருவியை மட்டும் கொடாதீர்கள். அதனைத் தாங்கப்போகும் தோளையும் முதுகையும் ஒருமுறை நோக்கி, அவற்றுக்கு ஏற்பச் சமன்செய்து கொடுங்கள்.